"இதுவும் எல்.ஐ.சி.தான்": ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கு ஒரு பாலிசிதாரரின் திறந்த மடல்

மதிப்புக்குரிய எல்.ஐ.சி. தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சென்னையில் உங்கள் கட்டடங்களைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் எனக்கு மூன்று பாலிசிகள். இரண்டு முதிர்ந்து பணம் கைக்கு வந்துவிட்டது, ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2022 மே மாதம் நீங்கள் பங்குச் சந்தைக்கு வந்தபோது பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி என்றார்கள். 949 ரூபாய்ப் பங்கை 889 ரூபாய்க்கு ஒரு லாட், அதாவது 15 பங்குகள் வாங்கினேன். சந்தையில் பட்டியலான அன்றே விலை அதற்கும் கீழே போனது வேறு கதை. ஆக, கடுகளவு என்றாலும் நானும் உங்கள் முதலாளிகளில் ஒருவன். அந்த உரிமையில்தான், அண்ணா சாலையில் பாழாகிக் கிடக்கும் உங்கள் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்காக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என் பெரியப்பா என்னைப் பட்டணம் பார்க்க அழைத்து வந்தார். அவர் உங்கள் ஏஜெண்ட். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பாலிசி பிடித்தவர். அந்தக் காலத்தில் பட்டணம் பார்ப்பது என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு. கடற்கரை, செத்த காலேஜ் என்ற மியூசியம், உயிர் காலேஜ் என்ற மிருகக்காட்சிசாலை, மூர் மார்க்கெட், அப்புறம் எல்.ஐ.சி. பதினாலு மாடிக் கட்டடத்தின் எதிரே நின்று அண்ணாந்து மாடிகளை எண்ணினேன். ஒன்பதிலோ பத்திலோ கணக்குத் தப்பி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். பெரியப்பா பொறுமையாக நின்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் ஏதோ அவரே கொத்து வேலை செய்து கட்டியதுபோல் இருந்தது.

அங்கிருந்து அண்ணா சாலையிலேயே நடந்தோம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பிரியும் முனையில் இன்னொரு கட்டடம். வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள், உச்சியில் சின்னச் சின்னக் கும்மட்டங்கள், மினார் மாதிரி கோபுரங்கள். "இது மசூதியா பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இல்லடா, இதுவும் எல்.ஐ.சி.தான்."

அந்த மூன்று சொற்களைத்தான் இத்தனை வருடம் கழித்து உங்களுக்கு ஞாபகப்படுத்த வந்திருக்கிறேன்.

அந்தக் கட்டடத்தின் கதை உங்கள் கோப்புகளில் இருக்கும். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1897-ல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காக அது கட்டப்பட்டது. முதல் பெயர் கார்டில் பில்டிங். யோசித்துப் பாருங்கள், மருந்து வியாபாரத்துக்கு இப்படி ஒரு மாளிகை. இன்றைக்கு மருந்துக்கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு ஃப்ரிட்ஜ், பச்சையில் ஒரு சிலுவைக் குறி. 1934-ல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி அதை வாங்கியது. அது லாகூரில் 1896-ல் தொடங்கிய கம்பெனி. கட்டடத்துக்கும் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதற்குப் பிறகு பாரத் இன்சூரன்ஸ் பில்டிங் என்ற பெயரே நின்றுவிட்டது.

அந்தக் கம்பெனிக்கு உங்கள் வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் எழுந்து தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தில்லுமுல்லுகளைப் போட்டு உடைத்தபோது, அவர் முக்கியமாகக் குறிவைத்தது தொழிலதிபர் டால்மியாவின் கையில் இருந்த இதே பாரத் இன்சூரன்ஸைத்தான். பாலிசிதாரர் பணத்தைக் கையாண்ட வழக்கில் ராமகிருஷ்ண டால்மியா பின்னால் சிறைக்கும் போனார். அந்தப் பேச்சு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் வந்தது. செப்டம்பர் 1 அன்று நீங்கள் பிறந்தீர்கள். 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி உருவான நிறுவனம் நீங்கள். அந்த 245-ல் உங்கள் பிறப்புக்கே ஒரு காரணமாக இருந்த கம்பெனியின் பெயர் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பிறந்த கதையைச் சொல்ல யாராவது ஓர் இடம் தேடினால் இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது.

சரி, பதினாலு மாடிக்கு வருகிறேன். அதை நீங்கள் கட்டியதாகத்தான் ஊரே நினைக்கிறது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அதைத் தொடங்கியவர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸை நடத்திய எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார். லண்டனிலிருந்து பிரவுன், மௌலின் என்ற கட்டடக் கலைஞர்களைப் பிடித்து வேலையை ஆரம்பித்தவர், 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார். பிறகு நாட்டுடைமை வந்தது. பாதிக் கட்டடம் உங்கள் கைக்கு வந்தது. கட்டடக் கலைஞர் எல். எம். சித்தாலே வேலையை முடித்துக் கொடுத்தார். 1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். 177 அடி உயரம், அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமான கட்டடம்.

ஆக இரண்டும் உங்களுக்கு ஒரே வழியில், ஒரே ஆண்டில் வந்த பூர்வீகச் சொத்து. இரண்டையும் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஒன்றை முடித்து, பெயர் வைத்து, விளக்குப் போட்டு நிறுத்தினீர்கள். இன்று அதன் எதிரே பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் எல்.ஐ.சி., மெட்ரோ ஸ்டேஷனுக்கும் பெயர் எல்.ஐ.சி. ஒரு கம்பெனியின் பெயர் ஊர்ப்பெயர் மாதிரி ஆகிப்போவது சாதாரணமா? இன்னொன்றை என்ன செய்தீர்கள் என்பதுதான் இந்த மடல்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1975 ஜூலை 11 அன்று பதினாலு மாடி தீப்பிடித்து எரிந்தது. ஊரே கூடி நின்று பார்த்ததாகப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்போது "எரிந்த கட்டடம், பாதுகாப்பில்லை, இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்" என்று நீங்கள் சொல்லவில்லை. பழுது பார்த்தீர்கள், திரும்பப் பயன்படுத்தினீர்கள். நான் அண்ணாந்து எண்ணியது நீங்கள் அப்படிப் பிழைக்க வைத்த கட்டடத்தைத்தான். காயம்பட்ட கட்டடத்தை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

2006-ல் பாரத் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினீர்கள். கட்டடம் பழுதாகிவிட்டது, ஆட்களுக்கு ஆபத்து என்பது உங்கள் தரப்பு. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. அதற்குள் ஒரு பகுதி போய்விட்டது. வழக்கு நாலு வருடம் நடந்தது. 2010 ஏப்ரலில் நீதிபதிகள் பிரபா ஸ்ரீதேவன், டி. எஸ். சிவஞானம் அமர்வு தீர்ப்புச் சொன்னது: இடிக்கக் கூடாது, இது பாதுகாக்க வேண்டிய மரபுக் கட்டடம்.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, நீதிமன்றம் கையில் எடுத்துக்கொண்ட பட்டியல். சென்னையில் எது பாரம்பரியக் கட்டடம் என்று சொல்லச் சட்டபூர்வமான பட்டியல் அப்போது சரியாக இல்லை. ஆனால் சாலையை மறைத்துக்கொண்டு நின்ற ஹோர்டிங்குகள் பற்றிய வேறொரு வழக்கில் நீதிபதி பத்மநாபன் தலைமையில் ஒரு குழு போட்டிருந்தார்கள். எந்தெந்தக் கட்டடங்களுக்கு முன்னால் விளம்பரப் பலகை வைக்கக் கூடாது என்று அந்தக் குழு நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களைக் குறித்து வைத்திருந்தது. பலகையை இறக்கப் போட்ட பட்டியல் கட்டடத்தைக் காப்பாற்ற உதவியது. இந்த நகரத்தின் பாரம்பரியப் பாதுகாப்பு இப்படி இரவல் சட்டையில்தான் நடை பழகியது.

இன்னொன்று, இந்தக் கட்டடத்தை வடிவமைத்த ஜே. எச். ஸ்டீஃபன்ஸ். 1892-ல் கட்டி முடித்த மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ஹென்றி இர்வினோடு சேர்ந்து வேலை செய்தவர் அவர். அங்கே வேலை முடிந்த சில ஆண்டுகளில் மவுண்ட் ரோடில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், இதைக் கட்டியிருக்கிறார். நூறு ஆண்டுக்கு மேல் கழிந்து அவருடைய கட்டடத்துக்கு உயிர்ப்பிச்சை கேட்டு வாதாடியது அவர் கைபட்ட இன்னொரு கட்டடத்துக்குள்ளே. கதையில் எழுதினால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் மரபுப் பாதுகாப்புக் குழு வந்தது. 2012-ல் சட்டமன்றத்தில் மரபு ஆணையச் சட்டமும் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டு ஆனது என்பதையும் சொல்ல வேண்டும், பழி முழுவதையும் உங்கள் தலையில் போட நான் வரவில்லை. ஆனால் இடிக்கக் கூடாது என்ற தீர்ப்பை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இடிக்கவில்லை, சரி. வேறு என்ன செய்தீர்கள்? நான் கடைசியாக அங்கே போய் நின்றபோது தகரத் தடுப்புக்கு மேலே தெரிந்தது செடியும் மரமும். கூரை பல இடங்களில் இல்லை. ஒரு கோபுரத்தின் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது, பல் விழுந்த வாய் மாதிரி. தீர்ப்பு வந்த வருடம் பிறந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

கொத்தனார் வேலை தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: சுண்ணாம்புக் கட்டடத்தை இடிக்கக் கடப்பாரை தேவையில்லை, கூரையை எடுத்துவிட்டால் போதும். அந்தக் காலத்து மெட்ராஸ் தளம் எப்படிப் போடுவார்கள் தெரியுமா? தேக்குச் சட்டங்களை வரிசையாக வைத்து, அதன்மேல் அச்சுக்கற்கள் என்ற ஒல்லியான செங்கற்களை நிறுத்தி வைத்து, மூலைவாட்டமாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டையான ஓடு. அந்தத் தளம் ஒழுங்காக இருக்கும்வரை கீழே இருக்கும் சுவருக்குக் கவலை இல்லை. தளத்தில் ஓர் ஓட்டை விழுந்தால், தண்ணீர் முதலில் போவது தேக்குச் சட்டம் சுவருக்குள் செருகியிருக்கும் நுனிக்கு. அங்கே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. நுனி உளுத்துப்போகும், சட்டம் இறங்கும், தளம் கூடவே இறங்கும். திறந்துகிடக்கும் சுவரின் தலையில் மழை நேராக இறங்கிக் காரையைக் கரைக்கும். அந்த ஈரத்தில் காக்கை எச்சத்தோடு வந்த அரசம் விதை முளைக்கும். அதன் வேர் எங்கே போகும் என்று நம் ஊரில் பாழடைந்த கோயில் கோபுரம் பார்த்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகை மழைக்கும் கட்டடத்தில் கொஞ்சம் போகிறது. அப்படிப் பார்த்தால் 2006-ல் தடை வாங்கிய இடிப்பு நிற்கவே இல்லை. ஆள் வைத்து இடித்ததை இப்போது மழை செய்கிறது. மழைமேல் யார் தடை வாங்க முடியும்?

கொஞ்ச தூரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து மேரி கட்டடம் இருந்தது, நகராட்சி அலுவலகம். சரிசெய்ய வேண்டும், சரிசெய்ய வேண்டும் என்று வருடக்கணக்காகப் பேசினார்கள். 2014 நவம்பர் 29, அடைமழையில் அது மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. பிறகு உலக வங்கிக் கடனில் பழைய சாயலிலேயே புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். போய்ப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மேரி இல்லை, மேரியின் ஃபோட்டோ. நமக்கும் கடைசியில் அப்படி ஒன்று கிடைக்குமோ, அல்லது அதுகூடக் கிடைக்காதோ என்பது என் பயம்.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் யோசித்துப் பார்க்கிறேன். அண்ணா சாலையில் அந்த நிலத்தின் விலை என்ன என்று ரியல் எஸ்டேட் தெரிந்த யாரைக் கேட்டாலும் மூச்சை இழுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுப்பினால் எவ்வளவு வாடகை, பாலிசிதாரர் பணத்தைப் பழைய செங்கல்லில் போடலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாலிசிதாரர் பெயரைச் சொல்லிக் கேட்பதால் பாலிசிதாரனாகவே பதில் சொல்கிறேன். கட்டடத்தையும் திருத்தாமல், புதியதும் கட்டாமல், இத்தனை வருடம் அந்த நிலம் என் பணத்துக்கு என்ன சம்பாதித்துக் கொடுத்தது? காவலுக்கும் தகரத்துக்கும் செலவு, வக்கீலுக்குச் செலவு. ஐம்பது லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் நிர்வகிக்கிற நிறுவனம் நீங்கள். நகரத்தின் நடு மையத்தில் ஒரு சொத்தைச் சும்மா போட்டு வைத்திருப்பதை எந்த முதலீட்டுக் கணக்கில் எழுதுவீர்கள்? இடிக்க முடியாது என்பது முடிந்துபோன விஷயம். திருத்திப் பயன்படுத்துவது ஒன்றுதான் வருமானத்துக்கும் வழி. விட்டுக்கொடுக்கும் கட்டட உரிமையை வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்ள மேம்பாட்டு உரிமை மாற்றம் என்று ஓர் ஏற்பாடும் இருக்கிறது. சி.எம்.டி.ஏ.விடம் பேசிப் பார்க்கலாமே.

வெள்ளைக்காரன் கட்டியதைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று கேட்பவர்களும் உண்டு. என் சொந்தக்காரர்களிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். வரைபடம் போட்டவர் வெள்ளைக்காரர்தான். சுண்ணாம்பு அரைத்தவர், கல் சுமந்தவர், வளைவுக்குச் சாரம் கட்டியவர், பூவேலை செதுக்கியவர் யார்? அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் செய்த வேலை மட்டும் இருக்கிறது. அதையும் விட்டுவிட்டால் அந்த மனிதர்கள் இந்த ஊரில் இருந்ததற்கே சாட்சி இல்லை.

கல்கத்தாவில் நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. சௌரங்கியில் மெட்ரோபாலிடன் பில்டிங். நூற்றாண்டுத் தொடக்கத்தில் வைட்அவே லெய்ட்லா என்ற பெரிய கடைக்காகக் கட்டியது, பிறகு மெட்ரோபாலிடன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போய், நாட்டுடைமையின்போது உங்களிடம் வந்தது. கதையைக் கவனியுங்கள்: முதலில் கடை, பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி, பிறகு எல்.ஐ.சி. நம்ம பாரத் கட்டடத்தின் ஜாதகம் அப்படியே. அதுவும் பாழடைந்துதான் கிடந்தது. அதற்கு மராமத்துப் பார்த்து, வெள்ளையும் தங்க நிறமும் பூசி, கீழ்த்தளத்தில் கடை நடக்கவும் விட்டீர்கள். இன்று கல்கத்தா போகிறவர்கள் அதன் எதிரே நின்று படம் எடுக்கிறார்கள். கல்கத்தாவில் முடிந்தது மெட்ராஸில் ஏன் முடியவில்லை? அங்கே இருப்பதும் நீங்கள், இங்கே இருப்பதும் நீங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. பழைய ஸ்பென்சர் அதே எண்பதுகளில் எரிந்தது. அப்போது நாம் பெருமூச்சு விட்டதோடு சரி. தொண்ணூறுகளில் கடற்கரையில் இருந்த போலீஸ் தலைமையகத்தை இடிக்கப் போகிறார்கள் என்றபோதுதான் முதல்முறையாக விழித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். அது பிழைத்தது, இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. மெட்ராஸின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா மாதிரி ஒருவர் விடாமல் எழுதி எழுதி நச்சரித்ததில்தான் இந்த ஊருக்குத் தன் வீட்டில் என்ன இருக்கிறது என்றே தெரிய வந்தது. அவர் 2019-ல் போய்விட்டார். நாம் ஆகஸ்ட் 22 அன்று மெட்ராஸ் தினம் என்று நடைப்பயணம் போகிறோம், படம் எடுக்கிறோம், ஃபில்டர் காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். அந்த நடையில் நானும் போயிருக்கிறேன். பாரத் கட்டடத்தைக் காட்டி வழிகாட்டி பேசும்போது பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர் "என்னா சார், இடிஞ்சு விழப்போற பில்டிங்கை இப்படிப் பாக்கறீங்க?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

ஆனால் இதே ஊரில் நடந்த நல்லதையும் பார்த்திருக்கிறோம். சேப்பாக்கத்தில் கலஸ் மகால் 2012 ஜனவரியில் எரிந்து எலும்புக்கூடாக நின்றது. இனி அவ்வளவுதான் என்றார்கள். பொதுப்பணித் துறை சுண்ணாம்பையும் தேக்கையும் கொண்டே அதை மீட்டெடுத்தது. பிறகு பக்கத்தில் புதர் மண்டிக் கிடந்த ஹுமாயூன் மகாலையும் எடுத்துக்கொண்டது. பாரத் கட்டடத்தைவிட மோசமாகக் கிடந்த இடம் அது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள், அதை மேற்பார்க்கத் தெரிந்த பொறியாளர்கள், இருவரும் இப்போது இந்த ஊரில் இருக்கிறார்கள். 2006-ல் இந்த வசதி இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பேன். இப்போது சொல்ல முடியாது.

நான் கேட்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மழை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்குத் தற்காலிகமாக ஒரு கூரை போடுங்கள். குழாயும் தகரமும் போதும், மண்டபம் வேண்டாம். செடிகளை வெறுமனே வெட்டாமல், வேரோடு சாகும்படி மருந்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். சிமெண்ட் பூச மட்டும் யாரையும் விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட வேண்டும், சிமெண்ட் அதன் மூக்கைப் பொத்திவிடும். அப்புறம், நிற்கிற ஒவ்வொரு வளைவையும் கோபுரத்தையும் அளந்து படம் எடுத்து ஆவணமாக்குங்கள். இதற்கெல்லாம் பெரிய பணம் ஆகாது, பெரிய முடிவும் தேவையில்லை.

அதன்பிறகு திட்டம். இந்த இடத்தில்தான் என் வேண்டுகோள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும்: தயவுசெய்து மியூசியம் ஆக்காதீர்கள். நம் ஊரில் மியூசியம் என்றால் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, மற்ற நாளில் மின்விசிறி ஓடாது. அது கடையாகப் பிறந்த கட்டடம். கீழே உங்கள் கிளை அலுவலகம் ஒன்று வரட்டும், மக்கள் பிரீமியம் கட்ட வந்து போகட்டும். மேலே வாடகைக்கு விடுங்கள். அதே சாலையில் 1904-ல் கட்டிய கட்டடத்தில் ஹிக்கின்பாதம்ஸ் இன்றும் புத்தகம்தான் விற்கிறது. அதனால்தான் அது நன்றாக இருக்கிறது. ஆள் நடமாட்டம் இருக்கிற வீட்டில் ஒட்டடை சேராது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது செய்யப் போகிறீர்கள் என்பதை எழுதி அந்தத் தகரத் தடுப்பிலேயே ஒட்டிவையுங்கள். தமிழில். பஸ்ஸிலிருந்து கேட்ட அந்த மனிதருக்கும் பதில் கிடைக்கட்டும். தேதி தள்ளிப்போனால் பரவாயில்லை, அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதுங்கள். இத்தனை வருடம் பொறுத்தவர்கள் நாங்கள். எங்களுக்குத் தேவை அந்த இடத்தில் வேலை நடக்கிறது என்ற செய்தி மட்டுமே.

பெரியப்பா பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்தார். கடைசி வரை சட்டைப் பையில் உங்கள் டைரியும் நீலப் பேனாவும் இருந்தன. கை இரண்டும் குவித்து விளக்கைக் காக்கும் உங்கள் சின்னத்தைக் காட்டி, "காத்து அடிக்கும்போதுதான்டா கை குவிக்கணும்" என்று பாலிசி எடுக்கத் தயங்குகிறவர்களிடம் சொல்வார். அது அவர் வியாபாரப் பேச்சு. எத்தனை பேரை அப்படிப் பிடித்திருப்பார் என்று கணக்கே இல்லை.

என் மகன் வழிப் பேரனுக்கு இப்போது ஆறு வயது. போன மாதம் மெட்ரோவில் எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்கிப் பதினாலு மாடியைக் காட்டினேன். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றான். அவன் வீடு பதினெட்டாவது மாடி. அங்கிருந்து நடந்து பாரத் கட்டடத்தின் பக்கம் வந்தோம். தகரத்துக்கு மேலே கோபுர உச்சியைப் பார்த்து நின்றுவிட்டான். "தாத்தா, இது யாரோட வீடு?" என்று கேட்டான். பெரியப்பா எனக்குச் சொன்ன பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. "போலாம் வா, வெயிலா இருக்கு" என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர் ஒருவர், 15 பங்குகளின் உரிமையாளர்,
சென்னை

பி.கு.: சாலைப் பக்கத்துக் கோபுரத்தின் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கிறது. நான் பார்த்தபோது முழ உயரம்தான். வேறு எதற்கு ஃபைல் நகராவிட்டாலும், அதை எடுக்க மட்டுமாவது ஓர் ஆளை ஏணியோடு அனுப்பிவையுங்கள்.